இரண்டரை அங்குலத்தைத் தாண்டாத மழை

‘ரெசிடென்ஷியல் ஸ்கூல்’ என்றால் ரெசிடெண்டுகளைத் தயார் செய்கிற பள்ளிக்கூடம் என்று நான் நம்பினேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டிய காரியங்கள் இதற்குப் பின்னால் வருகின்றன. இருக்கிற கொஞ்ச வெட்கத்தை அவற்றுக்காக எடுத்து வைத்திருக்கிறேன்.

நம்பிக்கைக்குக் காரணமும் உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் பகாங் மாநிலத்துக்கு ஒரு ரெசிடெண்ட் இருந்தாராம். அவர் கார் எஸ்டேட் கேட்டுக்குள் நுழைந்தால், எல்லாரையும் நடுங்க வைக்கிற பெரிய துரையே தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவாராம். என் அப்பா இதை நூறு தடவை சொல்லியிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் துரை ஓடுகிற மாதிரி ஓடியும் காட்டியிருக்கிறார். துரைக்கும் மேலே ஒரு துரை. ஆகவே எழுபதுகளின் கடைசியில், எஸ்டேட் ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்த என் மேசைக்கு ‘சர்வதேச ரெசிடென்ஷியல் ஸ்கூல்’ என்று தலைப்பிட்ட ஒரு கடிதம் வந்தபோது, என் எதிர்காலமே தபாலில் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

கடிதத்தில் இருந்த விஷயம் இதுதான். வானிலை முன்போல் இல்லை. மலையில் பயிர் செய்கிறவர்கள் பெருமழைக்கும் மண்சரிவுக்கும் ஏற்றபடி தங்கள் வேலைமுறையை மாற்றிக்கொள்ள வேண்டும். அதைச் சேர்ந்து படிக்கப் பல நாட்டு ஆட்கள் பிரிஞ்சாங் ஊருக்கு மேலே ஒரு பழைய பங்களாவில் பதினெட்டு நாள் கூடுகிறார்கள். எங்கள் எஸ்டேட்டிலிருந்து இரண்டு பேரை அனுப்பலாம்: ஒருவர் மழைப் பதிவேடு வைத்திருப்பவர், மற்றவர் மலைச்சரிவில் மண்ணோடு வேலை செய்கிறவர்.

பதிவேடு வைத்திருப்பவர் நான்தான். அதில் போட்டியில்லை. இரண்டாவது ஆளுக்கு நான் தொழிற்சாலைக் கிராணியைச் சிபாரிசு செய்தேன். அவர் மண்ணைத் தொட்டதே இல்லை; மழை பெய்தால் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு போகிறவர். பக்கத்தில் நிற்கிற ஆள் அப்படி இருந்தால்தான் நாம் உயரமாகத் தெரிவோம். துரை பட்டியலைப் பார்த்தார். அப்போது வெள்ளைக்கார துரைகள் போய் உள்ளூர்க்காரர் துரையாகி இருந்தார், ஆனால் நாற்காலியும் குரலும் பழையதேதான். அவர் என் சிபாரிசை அடித்துவிட்டு, கான் மண்டோரை அனுப்பச் சொன்னார்.

தேயிலைச் சரிவுகளில் மழைத்தண்ணீர் ஓட வெட்டியிருக்கிற வடிகால்களை எங்கள் பக்கம் கான் என்போம். அதைத் தோண்டித் தூர் எடுக்கிற கும்பலுக்குத் தலைவர் கான் மண்டோர். அந்த மண்டோர், என் கெட்ட நேரம், என் மனைவியின் அண்ணன்.

என் மச்சானைப் பற்றி நான் நடுநிலையாகச் சொல்ல முடியாது, முயற்சியும் செய்யப் போவதில்லை. அவர் என்னைவிட உயரம். மீசை தானாக முறுக்கிக்கொள்ளும் சாதி. கோயில் திருவிழாவில் காவடி எடுத்தால் அவருக்குத்தான் கூட்டம் கூடும். நான் எடுத்த வருஷம் மழை பெய்து கூட்டம் கலைந்தது. எங்கள் வீட்டில் மீன்குழம்பு வைத்தால் தலை அவருக்குப் போகும். அது என் வீடு, நான் வாங்கிய மீன், இருந்தாலும் தலை மூடிபோட்ட கிண்ணத்தில், அவர் குடியிருக்கிற தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, மேல் லயத்துக்குப் போய்விடும்.

அன்று மத்தியானம் வீட்டுக்குப் போனபோது செய்தி எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. மனைவியின் முகத்தில் கல்யாணக் களை.

“எங்கண்ணன் ஏதோ வெளிநாட்டுப் படிப்பு படிக்கப் போறாராமே. நீங்களும் கூடப் போறீங்களாமே.”

அந்த ‘உம்’மைக் கவனியுங்கள். பதினாறு வருஷமாக ஆபீசில் குப்பை கொட்டுகிறவனுக்கு ஓர் ‘உம்’. நான் நேரே தையற்கடைக்குப் போய்க் காக்கியில் இரண்டு அரைக்கால் சட்டை தைக்கக் கொடுத்தேன். பழைய படங்களில் ரெசிடெண்டுகள் அரைக்கால் சட்டையும் முழங்கால் வரை வெள்ளைக் காலுறையுமாகத்தான் நிற்பார்கள்.

போகிற அன்று எஸ்டேட் லோரியில்தான் போனோம். முன்னால் எனக்கு இடம் இருந்தும், மச்சான் பின்னால் ஏறியதால் நானும் பின்னால் ஏற வேண்டியதாயிற்று. கொஞ்ச தூரம் போனதும் அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“மாப்ளே, நான் படிக்கிறதுக்கு வரல. கீழ் லயத்து ஆறு வீட்டையும் காலி பண்ணணும். அதுக்கு மேல இருக்குற மலை சரியில்ல. துரைகிட்ட மூணு வாட்டி சொல்லிட்டேன், காதுல போட்டுக்கல. இந்த வெளிநாட்டுக்காரவுங்க எழுதிக் குடுத்தா போட்டுக்குவாரு லா. எனக்கு இங்கிலீசு வராது. நான் சொல்றத நீ அப்படியே அவுங்ககிட்ட சொல்லிடு. அவ்வளவுதான் என் படிப்பு.”

கீழ் லயத்தில் மூன்றாவது வீடு அவர் மகளுடையது. எனக்கு மருமகள் முறை. தலைப்பிள்ளை பெற்று மூன்று மாதம் ஆகியிருந்தது. அதை அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. நான் தலையை ஆட்டினேன். ஆட்டும்போது என் மனம் எங்கே இருந்தது என்றால், காற்றில் என் புது அரைக்கால் சட்டைக்குள் ஏறுகிற குளிரில் இருந்தது.

பங்களாவில் போய் இறங்கியதும் என் ரெசிடெண்ட் பதவி முடிவுக்கு வந்தது. வாசலில் நின்ற நிர்வாகி ஆளுக்கொரு கம்பளியும் சோப்பும் கொடுத்து, ‘ரெசிடென்ஷியல்’ என்றால் இங்கேயே சாப்பிட்டு இங்கேயே படுக்க வேண்டும், வீட்டுக்குப் போய் வரக் கூடாது என்று விளக்கினார். படுத்துத் தூங்குகிற பள்ளிக்கூடம். அவ்வளவுதான் அர்த்தம். நேபாளத்திலிருந்து வந்தவர், கென்யாவிலிருந்து வந்த தேயிலைக்காரர், பிலிப்பைன்ஸ் ஆட்கள், எல்லாரும் கம்பளிச் சட்டையும் முழுக்கால் சட்டையுமாக நின்றார்கள். நடுவில் நான் முழங்கால் நீலம் பாரித்து நின்றேன். நேபாளக்காரர் என் முழங்காலைப் பார்த்துச் சிரித்தார். அந்த மனிதர் பதினெட்டு நாளும் சிரித்தார், பிறகு நான் அதைத் தனிப்பட்ட விஷயமாக எடுத்துக்கொள்வதை விட்டுவிட்டேன்.

பாடம் நடத்தியவர் வயதான வெள்ளைக்கார அம்மா ஒருவர், ஏதோ குளிர்நாட்டுப் பேராசிரியை. முதல் நாள் எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து, உங்கள் ஊரில் உங்களைப் பயமுறுத்துவது எது என்று ஒவ்வொருவராகக் கேட்டார். என் முறை வந்தபோது எழுந்து நின்றேன். என் இங்கிலீஷ் ஆபீஸ் கடிதங்கள் எழுதி வந்த இங்கிலீஷ். வாயைத் திறந்தால் ‘தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருவது யாதெனில்’ என்றுதான் ஆரம்பிக்கும். அப்படியே ஆரம்பித்து, எங்கள் எஸ்டேட்டில் பயப்பட ஒன்றுமில்லை, எல்லாம் முறைப்படி பதிவாகிறது என்று முடித்து உட்கார்ந்தேன். யாரும் ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை.

பிறகு மச்சான். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு வரி சொன்னார்: “கீழ் லயத்துக்கு மேல, மலைக்குச் சளி புடிச்சிருக்கு.”

இது அவருடைய கும்பலுக்குள் புழங்குகிற பேச்சு. தண்ணீர் வரக்கூடாத இடத்தில் மண்ணுக்குள்ளிருந்து கலங்கலாகக் கசிந்துகொண்டே இருந்தால், மலைக்குச் சளி என்பார்கள். மூக்கு ஒழுகுகிற பிள்ளையைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொல்வார்கள். நான் எழுந்து, சளிக்கு எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் சொல்லைப் போட்டு, அந்த மலையில் அவருக்குக் குளிராக இருக்கிறது என்கிற பொருள் வரும்படி ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டேன். வேண்டுமென்று அல்ல, இங்கிலீஷில் சளிக்கும் குளிருக்கும் ஒரே சொல். அதில் நானும் அகப்பட்டேன், கேட்டவர்களும் அகப்பட்டார்கள். தப்பாகப் போய்விட்டது என்று உட்கார்வதற்குள்ளேயே எனக்குத் தெரிந்தது. திருத்தியிருக்கலாம். ஆனால் எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பேசியபோது ஜன்னலைப் பார்த்தவர்கள் இவரைப் பார்க்கிறார்கள். இருக்கட்டும், குளிர்தானே என்று உட்கார்ந்துவிட்டேன்.

கடவுள் அதற்கு அங்கேயே தண்டனை கொடுத்தார். பேராசிரியை எழுந்து போய், தன்னுடைய சொந்தக் கம்பளிச் சுவெட்டரைக் கொண்டுவந்து மச்சானின் தோளில் போர்த்தினார். எல்லாரும் கைதட்டினார்கள். குளிரில் பல் கிட்டிக்கொண்டிருந்தது எனக்கு.

அதிலிருந்து அவர் அந்தப் பள்ளிக்கூடத்தின் மாப்பிள்ளை ஆகிவிட்டார். சாப்பாட்டில் அவித்த உருளைக்கிழங்கும் ரொட்டியும் போட்டார்கள். இவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த நெத்திலி சம்பல் போத்தலைத் திறந்து மேசை நடுவே வைத்தார், பத்து நாட்டுக்காரர்களும் கண்ணில் தண்ணீர் விட்டபடி அவரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். நான் கொண்டுவந்தது பிஸ்கட். மண்ணைப் பார்க்க வெளியே போனால் எல்லாருக்கும் முன்னால் இவர் குந்தி உட்காருவார், மண்ணை எடுத்து உருட்டுவார், முகர்வார். பேராசிரியையும் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு பக்கத்தில் குந்துவார். இரண்டு பேருக்கும் ஒரு பாஷையும் பொதுவாக இல்லை, ஆனால் மணிக்கணக்கில் பேசிக்கொள்வார்கள். மொழிபெயர்க்க வந்த நான் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நிற்பேன்.

ஞாயிற்றுக்கிழமை என் மனைவி பார்க்க வந்தாள். கையில் இரண்டு தூக்குச்சட்டி. ஒன்று நான்கு அடுக்கு, ஒன்று மூன்று. எது யாருக்கு என்று நான் கேட்கவில்லை. மூன்றடுக்கைத் திறந்து சாப்பிடும்போது அவள் தன் அண்ணனின் சுவெட்டரைத் தடவிப் பார்த்து, எவ்வளவு நல்ல நூல் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கீழ் லயத்து வேலை முடிந்ததா என்று அவரைக் கேட்டாள். அவர் என் பக்கம் கையைக் காட்டி, எல்லாம் மாப்பிள்ளை சொல்லிவிட்டார் என்றார்.

எனக்கு ஒரு நாள் வந்தது. இரண்டாவது வாரம், ஆளாளுக்குத் தங்கள் ஊர் மழைக்கணக்கைக் காட்ட வேண்டிய நாள்.

இங்கே என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எஸ்டேட் ஆபீசுக்கு முன்னால் புல்தரையில் மழைமானி இருந்தது. செம்பில் ஒரு புனல், அதற்குள் ஒரு போத்தல். காலை ஏழு மணிக்குப் போய், போத்தலில் சேர்ந்த தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி அளக்க வேண்டும். குவளை அரை அங்குல மழையைத்தான் கொள்ளும். ஐந்து தடவை ஊற்றினால் இரண்டரை அங்குலம். ஆறாவது தடவை ஊற்ற நேர்ந்தால், அது பெருமழை. எங்கள் எஸ்டேட் விதிப்படி பெருமழைக்குத் தனிப் பாரம், அதாவது படிவம், உண்டு, மூன்று பிரதி, கார்பன் வைத்து எழுத வேண்டும். அதோடு முடியாது. கிராணியே துரையோடு மலைமேல் ஏறி, எந்தக் கான் உடைந்தது, எங்கே மண் சரிந்தது என்று நடந்து பார்த்து எழுத வேண்டும். அட்டைப்பூச்சி, சேறு, துரையின் வசவு, எல்லாம் அந்த ஆறாவது குவளையில் இருந்தது.

ஆகவே நான் ஆறாவது குவளையை ஊற்றியதே இல்லை. ஐந்து ஊற்றுவேன். மிச்சத் தண்ணீரைத் துரையம்மாவின் ரோஜாச் செடிகளுக்கு ஊற்றிவிடுவேன். பதிவேட்டில் இரண்டரை என்று அழகான கையெழுத்தில் எழுதுவேன். பதினொரு வருஷம் மழையை நான் ஆண்டேன். என் ஆட்சியில் அது ஒருநாளும் இரண்டரை அங்குலத்தைத் தாண்டியதில்லை.

அந்தப் பதிவேட்டைத்தான் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். மற்றவர்கள் கொண்டுவந்தவை நனைந்து கிழிந்த தாள்கள், நடுவில் மாதக்கணக்கில் வெற்றிடம். என்னுடையதில் ஒரு நாள்கூட விடுபடவில்லை, ஓர் அடித்தல் இல்லை. பேராசிரியை பக்கம் பக்கமாகத் திருப்பினார். மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். இப்படி ஒழுங்காக வைத்த பதிவேட்டைத் தான் பார்த்ததில்லை என்றார். கென்யாக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் மச்சானைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்ப்பதற்காகத்தான் பார்த்தேன். அவர் எல்லாரையும்விட அதிகமாகப் பூரித்துப் போய் உட்கார்ந்திருந்தார். ஒரு மனிதனை அனுபவித்துப் பொறாமைப்படக்கூட விடமாட்டார்.

மறுநாள் எல்லாரையும் எங்கள் எஸ்டேட்டுக்கே அழைத்துப்போய்க் கீழ் லயத்தைக் காட்டினார்கள். நல்ல வெயில். கசிவு இருந்த இடம் காய்ந்து கிடந்தது. மச்சான் சாய்ந்த மரங்களைக் காட்டினார், கானின் சுவரில் ஓடிய வெடிப்பைக் காட்டினார், மூன்றாவது வீட்டின் பின்கதவு சட்டத்தில் மாட்டிக்கொண்டு மூட முடியாமல் நிற்பதைக் காட்டினார். மருமகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்று, எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்தாள். எப்போது இந்த மாதிரி ஆயிற்று என்று பேராசிரியை கேட்டார். பெரிய மழை வரும்போதெல்லாம் என்றார் மச்சான். இந்த முறை நான் ஒழுங்காகத்தான் மொழிபெயர்த்தேன். பேராசிரியை குழப்பத்தோடு என்னைப் பார்த்து, ஆனால் உங்கள் பதிவேட்டின்படி இங்கே பெரிய மழையே பெய்வதில்லையே என்றார்.

எனக்கு அப்போது உள்ளங்கால் வேர்த்தது. வேர்த்த காலோடு நின்று, ஆமாம், பெய்வதில்லை என்றேன்.

அன்றிலிருந்து, ஒன்றும் நடக்காது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன்: மலை இத்தனை வருஷம் நின்றது, இனியும் நிற்கும். என் பதிவேடு சொல்லிவிட்டால் மலை நிற்கக் கடமைப்பட்டது என்கிற மாதிரி. இன்னொரு பக்கம், உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். வேலை போகும். அதைவிட, மச்சான் சொன்னது சரி என்று ஆகும். இரண்டில் எது என்னை அதிகமாகக் கலக்கியது என்று கேட்காதீர்கள்.

ஒரு நாள் மத்தியானம் முற்றத்தில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கும்போது மச்சான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“மாப்ளே, மொத நாள் நான் சொன்னத அப்படியே சொன்னியா?”

“சொன்னேன் மச்சான்.”

“மலைக்குச் சளின்னு?”

“ஆமா லா.”

“அப்புறம் எதுக்கு அந்தம்மா எனக்குச் சுவெட்டர் குடுத்துச்சு?”

நான் தேத்தண்ணி சூடு என்று ஊதிக்கொண்டிருந்தேன். பிறகு, வெள்ளைக்காரர்கள் மனசு அப்படி என்று அவரே சொல்லிக்கொண்டு எழுந்து போனார்.

பதினேழாம் நாள் கடைசி வேலை. பார்த்த இடத்தைப் பற்றி எல்லாரும் சேர்ந்து ஒரு முடிவு எழுதி எஸ்டேட்டுக்கு அனுப்ப வேண்டும். பேராசிரியை கரும்பலகையில் என் பதினொரு வருஷ மழையையும் கோடாக வரைந்திருந்தார். கோடு ஏறி ஏறிப் போய், உச்சியில் ஒவ்வொரு தடவையும் ஒரே உயரத்தில் கத்தியால் வெட்டியது போலத் தட்டையாக நின்றது. அதன் முன்னால் கொஞ்ச நேரம் சாக்பீஸ் துண்டைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். பிறகு, கண்ணால் பார்த்த அடையாளங்கள் ஒரு பக்கம் இழுக்கின்றன, எழுதிவைத்த கணக்கு மறுபக்கம் இழுக்கிறது, கணக்கு இவ்வளவு தெளிவாக இருக்கும்போது ஆறு குடும்பங்களை வீட்டைவிட்டுப் போகச் சொல்ல நம்மால் முடியாது என்றார். மண்டோர் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று கேட்டார்.

நான் அதை மச்சானுக்குச் சொன்னேன். அவர் எழுந்து நின்றார். சுவெட்டரைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

“நான் கைநாட்டு. எங்க மாப்ள படிச்சவரு. பனியில காலையில எந்திரிச்சுப் போயி தினம் அளந்து எழுதினவரு அவரு. அவரு எழுதினது பொய்யா இருக்காது. என் கண்ணுதான் தப்பாப் பாத்திருக்கும். வயசாகுதுல்ல. இத அந்தம்மாகிட்ட சொல்லிடுங்க மாப்ளே.”

லோரியில் என்னை நீ, நீ என்றவர். சபையில் ‘அவரு’ என்றார், ‘சொல்லிடுங்க’ என்றார். அந்த அறையில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எனக்கு மட்டும் கேட்கிற மரியாதை அது. நான் ஜெயித்துவிட்டேன். அவரே தன் வாயால் தோற்றுப்போய் நிற்கிறார், அதை இங்கிலீஷில் சொல்வது ஒன்றுதான் பாக்கி. அப்போதும் பாருங்கள், அறையில் உயரமாகத் தெரிந்தது அவர்தான். தோற்பதில்கூட எனக்கு ஓர் இடம் விட்டுவைக்கவில்லை. வயிற்றெரிச்சல் தாங்காமல் ஒருவன் உண்மை பேசியதாக நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள்.

நான் எழுந்து மொழிபெயர்த்தேன். தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருவது யாதெனில், அந்த மழைப் பதிவேடு பொய் என்று மண்டோர் சொல்கிறார், என்றேன். அவர் சொல்வது சரி என்றும் சேர்த்துக்கொண்டேன்.

பிறகு ஆறாவது குவளையைச் சொன்னேன். பாரம், மூன்று பிரதி, அட்டைப்பூச்சி. ரோஜாச் செடிக்கு வந்தபோது நேபாளக்காரர் சிரிக்க ஆரம்பித்தார். அவர்கூடப் பாதியில் நிறுத்திக்கொண்டார். பெரிய மழை நாட்களில் எத்தனை பொய் என்று பேராசிரியை கேட்டார். எல்லாம் என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. துணியை எடுத்துக் கரும்பலகையைத் துடைத்தார். பதினொரு வருஷம், நாலு இழுப்பில் போய்விட்டது.

நாற்காலியை மச்சானுக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என்னைப் பக்கத்தில் நிற்கச் சொன்னார். எந்த மழைக்கு எந்தக் கானில் தண்ணீர் எவ்வளவு உயரம் ஓடியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மச்சானுக்குக் காரணம் புரியாவிட்டாலும் கேட்டதற்குச் சொன்னார். கணுக்கால், முழங்கால், தொடை என்று தன் உடம்பிலேயே தொட்டுக் காட்டினார். எந்தத் தீபாவளிக்கு முன்னால், எந்தக் குழந்தை பிறந்த வாரம் என்று நாளும் சொன்னார். சளி என்றால் குளிரல்ல, மண்ணுக்குள்ளிருந்து வருகிற கலங்கல் தண்ணீர் என்பதையும் நான் சொன்னேன். பேராசிரியை எழுதுவதை நிறுத்தி என்னை ஒரு தடவை பார்த்தார், அந்தச் சுவெட்டரை ஒரு தடவை பார்த்தார், மறுபடியும் எழுதினார். பதினெட்டு நாளில் நான் ஒழுங்காக வேலை செய்த மூன்று மணிநேரம் அதுதான். தொண்டை கட்டிவிட்டது.

வெளியே வந்ததும் மச்சான், பலகையை ஏன் அழித்தார்கள் என்று கேட்டார். சொன்னேன். படியில் இறங்கிக்கொண்டிருந்தவர் நின்றார். அடிப்பார் என்று நினைத்து நான் ஒரு படி மேலேயே நின்றேன்.

“ரோஜாவுக்கா ஊத்துன?”

“ஆமா மச்சான்.”

“என் பொண்ணு கீழ இருக்குறா, தெரியும்ல.”

“தெரியும் மச்சான்.”

கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். முகத்தில் ஒன்றும் இல்லை, சும்மா துடைத்தார்.

“எந்தங்கச்சிகிட்ட இத நீ சொல்லாத. அவ உன்னைப் பெருசா நெனச்சிக்கிட்டு இருக்கா.”

இது எனக்குப் புதுச் செய்தி. நான்கடுக்கும் மூன்றடுக்கும் வைத்து நான் போட்டிருந்த கணக்குக்கு அது ஒத்துவரவில்லை. விசாரிக்கலாம் என்றால் அவர் இறங்கிப் போய்விட்டார். மறுநாள் திரும்பும்போது எங்கள் எஸ்டேட் வரும்வரை லோரியில் என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகு ஒரு மாதமும் பேசவில்லை.

பேராசிரியையின் கடிதம் எங்களுக்கு முன்னாலேயே துரையின் மேசைக்கு வந்திருந்தது. துரை என்னைக் கூப்பிட்டு நிற்கவைத்து, கதவைச் சாத்தாமல் பேசினார், ஆபீஸ் முழுக்கக் கேட்கட்டும் என்று. வேலையை விட்டு நீக்கவில்லை. ஆபீசிலிருந்து எடுத்துக் கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்கு அனுப்பினார். மழைமானிச் சாவி கான் மண்டோரிடம் போனது. அவருக்கு எண் எழுதத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். காலையில் கொட்டகைக்கு நடக்கும்போது அவர் புல்தரையில் குனிந்து ஊற்றுவதைப் பார்ப்பேன். ஆறு, ஏழு, எட்டு என்று வாய்விட்டு எண்ணுவார். ரோஜாச் செடிகள் அந்த வருஷம் சரியாகப் பூக்கவில்லை என்று துரையம்மா குறைப்பட்டதாகக் கேள்வி.

கீழ் லயத்து ஆறு குடும்பங்களையும் தொழிற்சாலையில் கொழுந்து உலர்த்துகிற மேல்மாடிக்கு மாற்றினார்கள். யாரும் சந்தோஷமாகப் போகவில்லை. சாக்குத் தடுப்பு, பொது அடுப்பு, இரண்டு குழாய். மருமகள் கொட்டகைக்கே வந்து, கூடையை இறக்கி வைத்துவிட்டு, எல்லாம் உங்க ரெண்டு பேரு படிப்பால வந்தது மாமா என்று திட்டிவிட்டுப் போனாள். ‘ரெண்டு பேரு’ என்று சேர்த்துச் சொன்னாளே, அதுவரைக்கும் எனக்குத் திருப்திதான்.

மழை வந்தது. அவர்கள் மாடிக்கு மாறிய மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிவாக்கில் மேலே இருந்த சரிவு இறங்கியது. ஆறு வீட்டில் நாலு வீட்டை மண் மூடியது, மூன்றாவது வீடும் அதில் ஒன்று. வீடுகளில் ஆள் யாரும் இல்லை.